கணிப்பொறியைக் கேட்டால் பதில் சொல்வது யார்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போயிருக்கிறீர்களா? கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்புப் பாத்திகள் தெரியும். அங்கே வேலை செய்பவர்களிடம் பாத்தித் தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால், "இத்தனை டிகிரி" என்பார்கள். இது வெப்பத்தின் டிகிரி அன்று. 1768-இல் பிரெஞ்சு வேதியியலார் அந்துவான் போமே வகுத்த அடர்த்தி அளவு. கடல்நீர் சுமார் 3 டிகிரி இருக்கும். வெயிலில் வற்றி 25-ஐ எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். 30-ஐத் தாண்ட விட்டால் கசப்பான மக்னீசிய உப்புகளும் கூடவே சேர்ந்துகொள்ளும். பாத்தி நீரை ஒரு குழாயில் மொண்டு, அதில் நீர்மமானியை மிதக்கவிட்டு அளப்பார்கள். குழாயின் அடியில் முன்பே கொஞ்சம் நல்ல தண்ணீர் தங்கியிருந்தால் என்ன ஆகும்? நீர்மமானி பொய் சொல்லாது. ஆனால் அது சொல்வது குழாயில் உள்ள நீரைப் பற்றி; பாத்தியைப் பற்றி அன்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதே தவறினால் ஒரு குடும்பம் பெரும் பணத்தை இழக்க இருந்தது.

எங்கள் பகுதி மாணவி ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு. தாயும் தந்தையும் உப்பளத்தில் வேலை செய்கிறார்கள். அவளுடைய அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினி வீட்டில் இருக்கிறது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. படங்களைப் பகுத்து ஆராயும் ஒரு நிரல் தொகுதியை அதில் நிறுவ முயன்றாள். கழுவெளிப் பறவைகளைப் படத்திலிருந்து அடையாளம் காண வேண்டும் என்பது அவள் ஆசை. தொகுதி ஏற மறுத்தது; அது 64 பிட்டில் மட்டுமே இயங்குமாம். பைத்தானில் ஒரு வரி எழுதிக் கேட்டாள். "32 பிட்" என்று பதில் வந்தது. பக்கத்து நகரில் ஒரு கடைக்காரரும் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு, "பழைய பெட்டி, வேறு வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டார். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களுக்கென்று எடுத்து வைத்த பணத்திலிருந்து முன்பணம் கொடுக்க இருந்தார்கள்.

அவள் எழுதிய வரி எது தெரியுமா? பைத்தானின் "பிளாட்பார்ம்" தொகுதியில் உள்ள "ஆர்க்கிடெக்சர்" என்னும் கட்டளை. பெயரைப் பார்த்தால் இயந்திரத்தின் கட்டமைப்பைச் சொல்வது போலத்தான் இருக்கும். உண்மையில் அது பைத்தான் என்னும் நிரல்கோப்பு எத்தனை பிட்டுக்காக ஆக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. அவளிடம் இருந்தது 32 பிட் பைத்தான். விண்டோஸுக்கான பைத்தானைத் தரவிறக்கப் போனால் பல ஆண்டுகள் முதலில் கைக்கு வந்தது அதுதான். ஆக, குழாயில் இருந்த நீரை அளந்துவிட்டுப் பாத்தியைக் குறை சொல்லியிருக்கிறார்கள்!

அடுத்த வரியில் "மெஷின்" என்னும் கட்டளையைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். "ஏஎம்டி64" என்று வந்தது. உடனே அவள், "சார், இதில் இன்டெல் என்றுதானே ஒட்டியிருக்கிறது?" என்றாள். நல்ல கேள்வி. இந்த வகைச் செயலிகளுக்கான 64 பிட் கட்டமைப்பை முதலில் வகுத்து, 2003-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது ஏஎம்டி நிறுவனம். பிறகு இன்டெலும் அதையே பின்பற்றியது. விண்டோஸ் இன்றும் பழைய பெயரைச் சொல்கிறது. லினக்ஸ் அதையே "எக்ஸ்86_64" என்கிறது. ஒரே சரக்கு, இரண்டு பெயர். இது தெரியாமல் ஒரு பெயரை மட்டும் சோதிக்கும் நிரலை எழுதினால், அது பாதிப் பேர் வீட்டில் நின்றுவிடும்.

கவனியுங்கள்: இங்கே மூன்று அடுக்குகள் இருக்கின்றன. அடியில் செயலி, அதன்மேல் இயங்குதளம், அதற்கும் மேல் நிரல். 64 பிட் செயலியின்மேல் 32 பிட் இயங்குதளம் சுகமாக ஓடும். அப்போது இயங்குதளத்தைக் கேட்டால் 32 என்றுதான் சொல்லும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் ஆனால், செயலியின் விவரக் கோப்பைத் திறந்து அதில் "எல்எம்" என்னும் இரண்டெழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் செயலி 64 பிட் வல்லது. மேலே என்ன ஏறியிருந்தாலும் அந்த எழுத்து மாறாது.

பதிப்பு எண்ணின் கதை இன்னும் வேடிக்கை. விண்டோஸ் 7-இன் உள் எண் 6.1, விண்டோஸ் 10-க்கு 10.0. இவற்றை எண்ணாக அல்லாமல் எழுத்துச் சரமாக ஒப்பிட்டால், "1" என்பது "6"-க்கு முன் வருவதால் புதியது பழையதாகிவிடும். 2021-இல் வந்த விண்டோஸ் 11-உம் தன்னை 10.0 என்றே சொல்லிக்கொள்கிறது. கட்டமைப்பு எண் 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அது 11. விண்டோஸ் 8.1 வந்தபோது, தன்னை அறிந்ததாக அறிவிக்காத நிரல்களிடம் 6.3 என்ற உண்மையைச் சொல்லாமல், முந்தைய 8-இன் எண்ணான 6.2-ஐயே சொன்னது. நிரலாளர்கள் பதிப்பைத் தப்பாகச் சோதித்துப் பழகியதால், இயங்குதளமே பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

நமது பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் இருக்கிறது. அதற்கு முன்பே இயங்குதளத்தின் வகைகளை வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். ஆனால் முன்னால் இருக்கும் பெட்டியைக் கேட்டுப் பார்ப்பதில்லை. செய்முறை வகுப்பின் முதல் பயிற்சியே இதுவாக இருக்க வேண்டும் என்பேன். செயலி, இயங்குதளம், நிரல் மூன்றையும் தனித்தனியே கேட்டு, எந்தப் பதில் யாருடையது என்று பக்கத்தில் எழுத வேண்டும். இயற்பியல் செய்முறையில் வெர்னியரின் சுழிப்பிழையை முதலில் குறித்துக்கொள்கிறோம் அல்லவா? அதைப் போல.

"அமைப்புகள் பக்கத்தைத் திறந்தால் தெரிந்துவிடுமே, இதற்கு நிரல் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். விண்டோஸில் அந்தப் பக்கத்தின் ஒரே வரியில் இயங்குதளமும் செயலியும் தனித்தனியாகவே குறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் அதைப் பார்த்திருந்தாலே போதும். ஆனால் நீங்கள் எழுதும் நிரல் நாளை திண்டிவனத்திலோ கோலாலம்பூரிலோ யார் வீட்டுப் பெட்டியிலோ ஓடும். அங்கே திறந்து பார்க்க நீங்கள் இருக்கமாட்டீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டியது ஒரு வசதி மட்டும்தான் என்றால், பெயரையும் பதிப்பையும் கேட்காமல், அந்த வசதி இருக்கிறதா என்று நேரே சோதிப்பது மேல்.

அந்த மாணவி பழைய பைத்தானை நீக்கிவிட்டு 64 பிட் பைத்தானை நிறுவினாள். செலவு, ஒரு நாள் இணையக் கட்டணம். தொகுதி ஏறிவிட்டது, மெதுவாகத்தான் ஓடுகிறது, ஆனால் ஓடுகிறது. மின்கலம் மட்டும் செத்துப்போனதால், மின்சாரம் போகும்போதெல்லாம் பறவைகளும் போய்விடுகின்றன என்று சொல்லிச் சிரிக்கிறாள்.