முறை சொல்ல முடியாத உறவு



இம்மாதம் நம் பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று பழவேற்காடு ஏரியை அடுத்த காட்டூரிலிருந்து வந்தது. எழுதியவர் மீன் வாங்கி விற்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி. பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டிருக்கிறார். ஆகவே பெயரை விடுத்துச் செய்தியை மட்டும் சொல்கிறோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. சென்னையில் அறுவை, மருந்தேற்றம், கதிர்வீச்சு என்று மாதக்கணக்கில் சிகிச்சை நடந்தது. அங்கே பக்கத்து இருக்கையில் காத்திருந்த ஒரு பெண்மணி பழக்கமானார். அவருக்கும் அதே நோய். தென்மாவட்டத்தில் ஒரு சிற்றூர்க்காரர். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பிய பின் இருவரும் நேரில் கண்டுகொண்டது இரண்டொரு முறையே. ஆயினும் கைப்பேசியில் பேசாத வாரமில்லை. சென்ற மாதம் அந்த அம்மாள் இறந்துபோனார். அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்தே, தாயின் கைப்பேசியில் இருந்த எண்ணைப் பார்த்து அவருடைய மகன் அழைத்துச் செய்தி சொன்னாராம்.

சகோதரி அன்றிரவு உண்ணவில்லை. மறுநாளும் அழுகை நிற்கவில்லை. வீட்டார் முதலில் தேற்றினார்கள், பிறகு சலித்துக்கொண்டார்கள். "அவள் உனக்கு என்ன முறை? நம் வீட்டில் சாவு விழுந்தாற்போல் அழுகிறாயே!" என்று மாமியார் கேட்டாராம். அதற்கு என்ன மறுமொழி சொல்வதென்று தெரியவில்லை என எழுதியிருக்கிறார். மடலின் ஈற்றில் இன்னும் ஒரு வரி உண்டு. அடுத்த மாதம் மறுபரிசோதனைக்குப் போகவேண்டும். போக மனமில்லை என்பதே அது.

அந்த ஒரு வரியின் பொருட்டே இம்மாதப் பகுதியை இம்மடலுக்கு ஒதுக்குகிறோம்.

மாமியாரின் கேள்வியைக் குறை கூறுவதற்கில்லை. நம் மக்கள் துக்கத்தை முறை வைத்தே பகிர்ந்துகொள்கிறவர்கள். யார் முதலில் வரவேண்டும், யார் எத்தனை நாள் இருக்கவேண்டும் என்பதெல்லாம் உறவு சொல்லும். அண்ணன், நாத்தனார், ஓரகத்தி, சம்பந்தி என்று எல்லா உறவுக்கும் தமிழில் பெயருண்டு. ஆனால் ஒரே நோயைச் சுமந்து ஒரே தாழ்வாரத்தில் காத்திருந்தவளுக்குப் பெயரில்லை. பெயரில்லாத உறவுக்குத் துக்கத்திலும் இடம் கிடைப்பதில்லை. கடற்கரை ஊர்களில் சாவு நேர்ந்தால் தொழிலுக்குப் போகாமல் படகுகள் கரையில் நிற்பதுண்டு. எங்கோ தொலைவில் இறந்தவருக்காகக் காட்டூரில் எந்தப் படகும் நிற்கவில்லை. வலை வழக்கம்போல் தண்ணீருக்குப் போயிற்று. உலை வழக்கம்போல் அடுப்பில் ஏறிற்று. துக்கம் மட்டும் ஒருத்தியிடம் தனியே தங்கிவிட்டது.

இத்தகைய நட்பு எவ்வாறு உண்டாகிறதென்பதை நோயறியாத நாம் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள் தொடர்ந்து நடக்கும். ஏற்றப்படும் மருந்துகளில் பல, மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில் வரும். காட்டூரிலிருந்து பேருந்தில் பொன்னேரிக்கு வந்து, அங்கிருந்து மின்ரயிலில் சென்னை சேர்ந்து, மீண்டும் நகருக்குள் பயணம் செய்வதென்றால், நாள்தோறும் போய்வர நோயுற்ற உடல் இடங்கொடாது. எனவே நகரிலேயே தங்க நேரிடுகிறது. கண்ட முகத்தையே மீண்டும் மீண்டும் காணும் நாட்கள் அவை. தலைமுடி கொத்தாகக் கையோடு வந்த காலை, சோறு மண்ணைப்போல் சுவையற்றுப்போன நாள், அறுவைக்குப் பின் வீங்கிய கை, மேலாடையைச் சரிசெய்துகொள்ளும் கூச்சம் ஆகிய இவையெல்லாம் பக்கத்து இருக்கையில் இருப்பவளுக்குச் சொல்லாமலே விளங்கும்.

இதைவிட ஆழமான காரணம் ஒன்றுண்டு. நோயாளி தன் பயத்தை வீட்டாரிடம் மறைக்கிறாள். சொன்னால் பிள்ளைகள் கலங்குவார்களே என்பது அவள் எண்ணம். வீட்டாரும் தங்கள் பயத்தை அவளிடம் மறைக்கிறார்கள். இவ்வாறு ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பினாலேயே ஒரு வீட்டில் எல்லோரும் நடிக்க நேரிடுகிறது. அந்த நடிப்பு தேவைப்படாத ஒரே இடம் அந்தத் தோழிதான். அவளிடம் "பயமாயிருக்கிறது" என்று சொன்னால், "எனக்கும்தான்" என்று மறுமொழி வரும். அதன்பின் இருவரும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். காட்டூர்ச் சகோதரி இழந்தது அந்த இடத்தை. "என்ன முறை?" என்ற கேள்விக்கு இதுவே மறுமொழி.

நேரில் அதிகம் காணாதவரிடத்தில் இத்தனை பற்று உண்டாகுமா என்று ஐயுறுவோர் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் நினைத்துக்கொள்வாராக. முன்பின் காணாமலே வளர்ந்தது அவர்கள் நட்பு. மக்களோடு நேர்ந்த பகையால் உறையூர் மன்னன் வடக்கிருந்தபோது, பாண்டிநாட்டுப் புலவர் தம் அருகே அமர இடம் ஒழித்துவைக்கச் சொன்னான். வருவாரோ என்று மற்றவர்கள் ஐயுற்றார்கள், அவர் வந்தார். உயிர் துறந்த செயலை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் காணாத நண்பனுக்கு ஓர் இடம் ஒழித்துவைத்த உரிமையைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளாகப் போற்றி வருகிறார்கள். புறநானூறு அதற்குச் சான்று.

"இவ்வளவு அழுவது விசுவாசக் குறைவோ?" என்றும் சகோதரி கேட்டிருக்கிறார். அன்று. நம் ஆண்டவர் லாசரைத் தம் சீடரிடம் நண்பனென்றே குறிப்பிட்டார். அவனை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் பெத்தானியாவில் கண்ணீர் சிந்தினார். புனித அகுஸ்தினாரும் தம் இளமையில் சொந்த ஊராகிய தகாஸ்தேயில் காய்ச்சலால் மாண்ட ஒரு நண்பனைப் பற்றித் தம் வாழ்க்கையைச் சொல்லும் நூலின் நான்காம் பகுதியில் எழுதியிருக்கிறார். பார்க்குமிடமெல்லாம் அவனைத் தேடிய கண்களைத் தாளமாட்டாமல் ஊரைவிட்டுக் கார்த்தேஜ் நகருக்குப் போனார். அத்துயரில் தாம் அளவு மீறியதைப் பிற்காலத்தில் அவரே ஆராய்ந்தார். எனினும் துயரை மறைக்கவில்லை. அந்த நண்பனின் பெயரை அவர் எழுதிவைக்கவில்லை. பெயர் தெரியாத அவனுக்காகத் திருச்சபையின் பேரறிஞர் ஒருவர் அழுததை ஆயிரத்தறுநூறு ஆண்டுகளாக உலகம் வாசித்துக்கொண்டிருக்கிறது.

இனி, மடலின் கடைசி வரிக்கு வருவோம். இத்தகைய சாவு, உயிரோடிருப்பவர் மனத்தில் இரண்டு எண்ணங்களை விதைத்துவிடுகிறது. "அவள் போய்விட்டாள், நான் மட்டும் ஏன் இருக்கிறேன்?" என்பது ஒன்று. "அடுத்தது நான்தான், பரிசோதித்து என்ன பயன்?" என்பது மற்றொன்று.

முதல் எண்ணத்துக்கு ஏரிக்கரை மக்களே மறுமொழி சொல்ல வல்லவர்கள். பழவேற்காட்டில் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துச் சீட்டுப்போட்டுப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். ஒருவர் பாட்டில் வலை நிறைகிறது; மற்றொருவர் பாட்டில் வெறும் பாசி வருகிறது. வலை நிறைந்தவரை, அடுத்தவர் பங்கைத் திருடினாரென்று எவரும் சொல்வதில்லை. சகோதரி உயிரோடிருப்பது தோழியிடமிருந்து பறித்த நாட்களால் அன்று. அவருக்குக் கொடுக்கப்பட்ட நாட்கள் அவை.

இரண்டாவது எண்ணத்துக்கு மருத்துவம் மறுமொழி சொல்கிறது. மார்புப் புற்றுநோய் என்பது பெயரளவில் ஒன்றாயினும் தன்மையில் பலவகைப்பட்டது. கண்டுபிடித்தபோது எந்த நிலையில் இருந்தது, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்ததா, சுரப்பிநீரைத் தடுக்கும் மருந்துக்கு இணங்கும் வகையா என்பவற்றைப் பொறுத்து ஒருவர் பாதையும் மற்றவர் பாதையும் வேறுபடும். அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்து ஒரே மருந்தை ஏற்றிக்கொண்டவர்களுக்கும் நோய் ஒன்றல்ல. ஆகவே தோழியின் முடிவு சகோதரியின் முடிவைப்பற்றி எதையும் சொல்லாது. மறுபரிசோதனையோ சொல்லும். தொடக்க ஆண்டுகளில் சில மாதங்களுக்கு ஒரு முறையும், ஐந்தாண்டுகளுக்குப் பின் ஆண்டுக்கு ஒரு முறையும் வரச்சொல்வது காரணமின்றி அன்று. அதே மார்பிலோ மறு மார்பிலோ நோய் மீண்டும் தலைகாட்டினாலும், சிறிதாக இருக்கும்போதே கண்டுகொண்டால் குணமாக்கும் வழி பல வேளைகளில் உண்டு. துக்கத்தால் ஒரு தவணையைத் தவறவிடுவது இறந்தவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

இறந்தவருக்குச் செய்யத்தக்க மரியாதை எதுவெனக் காட்டிய பெண்கள் சிலர் உண்டு. 1948-இல் இலண்டன் மருத்துவமனையொன்றில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு யூதர் புற்றுநோயால் இறந்தார். அந்நகரில் அவருக்கு உற்றார் உறவினர் இல்லை. சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி அவரிடம் நட்புக்கொண்டு இறுதிவரை சென்று பார்த்துவந்தார். அவ்விருவரும் என்ன முறை? ஒரு முறையுமில்லை. டாஸ்மா, சாண்டர்ஸ் பிற்காலத்தில் அமைக்கப்போகும் இல்லத்தில் ஒரு சன்னலாகத் தாம் இருக்கவேண்டுமென்று சொல்லி 500 பவுன் விட்டுச்சென்றார். சாண்டர்ஸ் அதன்பின் மருத்துவம் பயின்றார். 19 ஆண்டுகள் உழைத்து, 1967-இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். குணமாக்க முடியாத நோயாளியின் வலியைத் தணித்து உடனிருக்கும் இக்காலத்துப் பணிக்கு அதுவே முன்மாதிரி.

நம் சென்னையிலும் அத்தகைய வரலாறு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கை இளம் வயதிலேயே புற்றுநோயால் மாண்டதைக் கண்ணெதிரே கண்டவர். அந்த இழப்பை அவர் மறக்கவில்லை. அவருடைய முயற்சியால் 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021-இல் தாம் இறக்கும்வரை அந்நிறுவனத்துக்கே வாழ்ந்தார். ஒரு தங்கைக்காக எழுந்த கண்ணீர் இன்று எத்தனையோ தங்கையரின் நோயைத் தீர்த்துவருகிறது.

எல்லோரும் மருத்துவமனை கட்டவேண்டியதில்லை. காட்டூர்ச் சகோதரியால் இயன்றது ஒன்றுண்டு. அந்த மகனை மீண்டும் ஒருமுறை அழைத்துப் பேசட்டும். தாயின் மனத்திலிருந்த அச்சத்தையும், அதை அவர் வென்ற விதத்தையும், பிள்ளைகளைப்பற்றி அவர் பெருமையாகச் சொன்னவற்றையும் அம்மகன் அறிந்திருக்கமாட்டான். அவனிடமிருந்துதான் தாய் அவற்றை மறைத்திருப்பார். அவற்றை அறிந்தவர் இச்சகோதரி ஒருவரே. அவற்றை அவனிடம் ஒப்படைப்பது எந்த உறவினரும் செய்ய இயலாத துக்கக்கடன்.

கல்லறை தொலைவிலிருப்பதால் போகமுடியவில்லையே என்று வருந்த வேண்டாம். 1515-இல் போர்த்துக்கீசியர் காலத்தில் எழுந்த பழவேற்காட்டு மகிமை மாதா ஆலயம் அருகிலேயே இருக்கிறது. அங்கே ஒரு மெழுகுதிரி ஏற்றலாம். தோழியின் பெயரால் ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லலாம். அவர் எம்மதத்தவரென்பதை மடலில் காணோம். எம்மதத்தவராயினும் அவருக்காகச் செபிக்கத் தடையில்லை. நவம்பர் 2-ஆம் நாள் மரித்தோரை நினைக்கும்போது வீட்டுப் பெயர்களோடு அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். பல வாரங்களாகியும் உணவும் உறக்கமும் கூடாமல், உயிர்மேலேயே வெறுப்புத் தோன்றுமானால், அதை மருத்துவரிடம் மறைக்கக்கூடாது. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

வீட்டாருக்கும் ஒரு சொல். பழவேற்காட்டு முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் ஏரி என்னவாகுமென்பது உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. கடலும் ஏரியும் கலவாமல் மீன்வளம் குன்றும். ஊர்மக்கள் கூடி மணலை வெட்டி வழி திறப்பார்கள். "போதும், நிறுத்து" என்ற சொல் ஒவ்வொன்றும் துக்கத்தின் வாயில் விழும் மணல். "அவள் என்ன முறை?" என்று கேட்பதை விட்டு, "அவளைப்பற்றிச் சொல், கேட்போம்" என்று ஒரு மாலை அருகில் அமருங்கள். அழுகை சற்று மிகுந்தாலும் அஞ்சவேண்டாம். வழி திறந்துவிட்டதென்பதே அதன் பொருள்.

மறுபரிசோதனை நாளில் சகோதரியைத் தனியே அனுப்பாதீர்கள். இத்தனை ஆண்டுகளாக மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் தோழியின் நினைவு அவருக்குத் துணையாயிருந்தது. இப்போது அந்தத் தாழ்வாரத்தில் பக்கத்து இருக்கை காலியாயிருக்கும். அதில் கணவரோ, மகளோ, கேள்வி கேட்ட மாமியாரோ போய் அமரட்டும். மாமியார் அமர்ந்தால் நாம் பெரிதும் மகிழ்வோம்.