நமக்குத் தெரியாத இன்னொரு சீசன்



வெளியூரில் யாராவது "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டு, நாம் "தென்காசி" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த கேள்வி வந்து விழும்: "சீசன் எப்படி?" ஜூன் மாதம் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வந்து, முகத்தில் சாரல் தெறித்தால் நமக்கும் அதுதான் சீசன். மெயினருவியில் வரிசை, ஐந்தருவியில் தள்ளுமுள்ளு, ரோட்டோரம் மங்குஸ்தான், ரம்புட்டான், எண்ணெய் மசாஜ் என்று குற்றாலம் அமர்க்களப்படும். ஆகஸ்டு முடிந்ததும் கடைக்காரர்கள் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு போவார்கள். "அவ்ளோதாம்ல, இனி அடுத்த வருஷந்தான்" என்று நாமும் புத்தகத்தைத் திறப்போம் (திறப்பதாக வீட்டில் சொல்வோம்!).

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு ஆரம்பிக்கிற சீசனைப் பற்றி. அதற்குப் பந்தல் கிடையாது, பார்க்கிங் கட்டணம் கிடையாது. செப்டம்பர் கடைசியில் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒரு வகை, இந்தியாவைத் தாண்டிக் கடல் மேலேயே பறந்து ஆப்பிரிக்கா வரை போகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். விரல் நீளம்கூட இல்லாத பூச்சி! அதே சமயத்தில் வடக்கேயிருந்து நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, உள்ளான், வாலாட்டி எல்லாம் நம் குளங்களுக்கு வந்து இறங்கும். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட வரித்தலை வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் பார்த்திருக்கிறார்கள். இமயமலையைத் தாண்டி வருகிற பறவை அது. சாயங்காலம் வானத்தில் புகை மாதிரி சுருண்டு சுருண்டு பறக்கும் சூறைக்குருவிக் கூட்டமும் மத்திய ஆசியாப் பக்கமிருந்து வந்த விருந்தாளிதான். மார்ச், ஏப்ரலில் எல்லாம் ஊர் திரும்பிவிடும்.

இதெல்லாம் புதிதாக யாரோ கண்டுபிடித்த சங்கதி அல்ல. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியை எடுத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் வசந்தவல்லி பந்தாடியதோடு நமக்கு நிறுத்திவிட்டார்கள். பின்பாதியில் சிங்கன், நூவனைக் கூட்டிக்கொண்டு கண்ணியோடு வருகிறான். குற்றாலநாதர் கோயில் வயல்களில் பறவை வருவதும் மேய்வதுமாகப் பாட்டு நீளுகிறது. அதில் செங்கால் நாரையும் உண்டு, கூழைக்கடாவும் உண்டு. அருவியைப் பாடிய புலவருக்கே குளத்தடி வயலையும் பார்க்கத் தெரிந்திருக்கிறது. தினமும் பஸ் ஜன்னல் வழியாக அதே வயலைப் பார்த்துக்கொண்டு போகிற நமக்கு எல்லாமே 'கொக்கு'தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பறவை பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு என்று சொல்ல இதை எழுதவில்லை. சிவில் படிக்கிற ஒருவன் குளத்தைப் பார்த்துக் கொஞ்சம் கோபப்பட்டதால் எழுதுகிறேன்.

நம் குளங்கள் எப்படி வெட்டப்பட்டிருக்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு பக்கம்தான் கரை. கரையடியில் ஆழம், மடை அங்கேதான் இருக்கும். எதிர்ப்பக்கம், அதாவது வரத்துக்கால் வந்து சேருகிற உள்வாய்ப் பக்கம், தரை மெல்ல மெல்ல ஏறிப் போய் வயலோடு கலந்துவிடும். கிண்ணம் மாதிரி கிடையாது. சாய்த்து வைத்த தாம்பாளம் மாதிரி. மார்கழியில் மறுகால் பாய்ந்து நிற்கும் குளம், பிசானத்துக்குத் தண்ணீர் திறக்கத் திறக்க, உள்வாய்ப் பக்கமிருந்து கரையை நோக்கிப் பின்வாங்கும். தண்ணீரின் விளிம்பு வாராவாரம் இடம் மாறும்.

பறவைகளின் பந்தி நடப்பது இந்த விளிம்பில்தான். ஆழத்தில் முக்குளிப்பானும் நீர்க்காகமும். முழங்காலளவு தண்ணீரில் மஞ்சள்மூக்கு நாரை, அலகைத் திறந்தபடி துழாவிக்கொண்டே நடக்கும். அதற்கும் மேட்டில், கணுக்கால் நனையும் சேற்றில் உள்ளானும் பவளக்காலியும். ஒன்றின் அலகு நீளம் இன்னொன்றுக்குக் கிடையாது. ஒன்று நிற்கிற ஆழத்தில் இன்னொன்று நிற்காது. விளிம்பு நகர நகர இவையும் கூடவே நகரும். டிசம்பரில் பார்த்த அதே குளம் பிப்ரவரியில் வேறு குளம்.

எங்கள் ஊர்க் குளத்தில் (பெயர் வேண்டாம்) சில வருஷத்துக்கு முன்னால் தூர் வாரினார்கள். ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். வண்டல் எங்கே சேர்ந்து கிடக்கும்? கரையடியில், மடை ஓரத்தில். ஆனால் அங்கே சேறு, லாரி இறங்காது. உள்வாய்ப் பக்கம் காய்ந்த தரை, ரோடும் பக்கம். அதனால் அங்கேயே பத்தடிக்கு மேல் செங்குத்தாக வெட்டி எடுத்தார்கள். போனது வண்டல் அல்ல, செம்மண்ணும் சரளும். அது எந்த வயலுக்கும் போகவில்லை. எங்கே போயிருக்கும் என்று பிளாட் போட்ட இடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் மழை பெய்தது. குழி நிறைந்தது. விளிம்பு என்று ஒன்று இல்லவே இல்லை. ஒன்று கட்டாந்தரை, இல்லையென்றால் பத்தடித் தண்ணீர். அந்தக் குளிர்காலத்தில் நாலைந்து நீர்க்காகங்களைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை.

இதை வருத்தமாகப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் குளத்துக்குக் கீழே ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிறார். சிரித்துவிட்டு, "ஏல, கொக்குக்காடா குளம் வெட்டுனாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் பலரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவிவிடுகிறார்கள். நத்தைகுத்தி நாரை வயல் நத்தையைத் தின்கிறது, கொக்கு பூச்சியைத் தின்கிறது என்று நான் ஆரம்பித்தேன். "நீலத் தாழைக்கோழி நாத்தை மிதிச்சு நாசம் பண்ணுதே, அது ஒம் புஸ்தகத்துல இல்லியா?" என்றார். உண்மைதான், அதுவும் நடக்கிறது. வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அவரே இன்னொன்று சொன்னார். "கொக்கை விடு. வாற மொதத் தண்ணிய அந்தக் குழியில்லா குடிச்சிருது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பில் படித்த பாடம்தானே! மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும், அந்தத் தண்ணீர் தானாக மடை வழியே வயலுக்கு ஏறாது. மோட்டார் வைத்தால்தான் உண்டு. அதுவும் வரத்துக்கால் வாசலிலேயே குழி வெட்டினால், சிற்றாற்றுக் கால்வாயில் முதலில் வரும் தண்ணீர் குழியை நிரப்பிவிட்டுத்தான் மடைப்பக்கம் போகும். பத்து ஏக்கரில் மடைமட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டர் தோண்டினால் நாற்பதாயிரம் கன மீட்டர் கொள்ளளவு கூடும். எஸ்டிமேட்டில் பார்க்க அழகாக இருக்கும். வயலுக்கு அதில் ஒரு வாளிகூட நேராகப் பாயாது. பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுக்கும், ஆடு மாடு குடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பாசனக் குளத்தைப் பாசனத்துக்காகத் தூர் வாருகிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்கிற வேலையா இது?

ஆக, பெரியப்பாவின் நஷ்டமும் உள்ளானின் நஷ்டமும் ஒரே குழியில் கிடக்கின்றன. தோண்ட வேண்டியது கரையடியில், வண்டல் சேர்ந்த இடத்தில். விட்டுவைக்க வேண்டியது உள்வாய்ச் சரிவை. அப்படிச் செய்தால் மடைக்குத் தண்ணீர், வயலுக்கு வண்டல், நாரைக்கு விளிம்பு. தோண்டிய மண்ணில் கொஞ்சத்தைக் குளத்துக்குள்ளேயே மேடாகக் குவித்து நாட்டுக்கருவேலம் வைத்தால் (சீமைக்கருவேலம் அல்ல, குழப்பிக்கொள்ள வேண்டாம்) பறவை கூடு கட்ட இடமும் ஆயிற்று.

"பறவைக்கும் விவசாயிக்கும் ஒத்து வருமா?" என்று சந்தேகப்படுகிறவர்கள் மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் போய்ப் பாருங்கள். மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் வந்து நிறைகிற பாசனக் குளம் அது. 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். அறிவிப்புக்கு ரொம்ப காலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். வீட்டு வாசல் மரத்தில் நாரை கூடு கட்டும். தீபாவளிக்கு வேட்டுப் போட மாட்டார்கள். எச்சம் கலந்த குளத்துச் சேற்றை எருவாக வயலுக்கு அடிப்பார்கள். கடனா நதி தாமிரபரணியோடு சேருகிற திருப்புடைமருதூரில், கோயிலை ஒட்டிய மரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊர்மக்களே காத்து, 2005-இல் அந்த இடம் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மூன்று ஹெக்டேர்கூட வராத இடம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். ஈரான் நாட்டு ராம்சர் நகரில் 1971-இல் போட்ட ஈரநில ஒப்பந்தத்தில் இந்தியா 1982-இல் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் இருக்கின்றன. இரண்டுமே மனிதன் வெட்டிய குளங்கள். தென்காசி மாவட்டம் 2019-இல் பிறந்தது, இன்னும் ஒரு குளம்கூட அதில் ஏறவில்லை. அது போகட்டும். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஈரநில விதிகளில், பாசனத்துக்கென்றே வெட்டிய நீர்நிலை 'ஈரநிலம்' என்ற வரையறைக்குள்ளேயே வராது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நம் பக்கத்துக் குளங்கள் கிட்டத்தட்ட எல்லாமே வெளியே! ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது, நல்லது. ஆனால் குளத்தை எப்படித் தோண்ட வேண்டும் என்று அது சொல்லாது. அதைச் சொல்லப்போவது எஸ்டிமேட் போடுகிறவன். இன்னும் சில வருஷத்தில் அந்த மேஜைக்குப் பின்னால் உட்காரப்போவது நம்மில் சிலர்தான்.

அதனால் சங்கத்துக்கு என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு வருஷமும் சர்வே கேம்ப் என்று எங்கோ ஒரு பொட்டலுக்குப் போய், யாருக்கும் பயன்படாத மட்டங்களை எடுத்து, ரெக்கார்டில் ஒட்டி, மார்க் வாங்கிவிட்டு வருகிறோம். அந்தக் கேம்ப்பை ஒரு வருஷம் மே மாதம் வற்றிக் கிடக்கும் ஒரு குளத்துக்குள் போடலாமே! மடையின் அடிமட்டத்தை வைத்துக்கொண்டு, முப்பது சென்டிமீட்டர் இடைவெளியில் சமமட்டக் கோடு வரைவோம். வண்டல் எங்கே எவ்வளவு கனம் என்று துளை போட்டுப் பார்ப்போம். அந்த வரைபடம் ஊர் விவசாயிகள் கையில் இருந்தால், அடுத்த முறை இயந்திரம் வரும்போது "இங்க தோண்டு, அங்க தோண்டாதே" என்று அவர்களே கோட்டைக் காட்டிப் பேசலாம். ட்ரிபிள்-ஈ நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் வேலை இருக்கிறது. கணவாய்க் காற்றை நம்பி நம் பக்கம் எத்தனை காற்றாலைகள்! அவற்றின் மின்கம்பிகளில் எவை குளத்துக்குக் குறுக்கே போகின்றன என்று குறித்துத் தாருங்கள். பெரிய பறவைகளுக்குக் கம்பி கண்ணில் படாது. கிட்டே வந்தபின் சட்டென்று திரும்பவும் முடியாது.

அதற்கு முன்னால், குளத்தில் என்னதான் இருக்கிறது என்று தெரிய வேண்டுமல்லவா? ஏட்ரீ அமைப்பின் மணிமுத்தாறு மையத்தார் 2011-இலிருந்து ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறார்கள். நெல்லை, தூத்துக்குடி, தென்காசிக் குளங்களில் ஆர்வமுள்ள யாரும் கலந்துகொள்ளலாம். பொங்கல் விடுமுறையில் 2015-இலிருந்து பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு என்றே ஒன்று நடக்கிறது. வீட்டுக்குப் பக்கத்துக் குளக்கரையில் கால்மணி நேரம் நின்று எண்ணினால் போதும்.

முதல் தடவை நான் போனபோது மொத்தம் பதினோரு பெயர்கள்தான் எழுத முடிந்தது. அதில் ரெண்டு தப்பு என்று பிறகு தெரிந்தது. பைனாகுலர் இல்லையே என்று நினைக்காதீர்கள். எங்கள் குழுவில் ஆறு பேருக்கு ஒன்றுதான் இருந்தது, அதற்கும் ஒரு கண் மங்கல். ஆறரை மணிக்குள் கரைக்குப் போய்விட வேண்டும், சூரியன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும், பளிச்சென்ற சட்டை வேண்டாம், போனில் பாட்டு வேண்டவே வேண்டாம். வருகிறவர்கள் பொங்கலுக்கு முந்தின வாரம் சங்க அறை நோட்டீஸ் போர்டில் பெயரையும் உங்கள் ஊர்க் குளத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். குளத்தின் பெயர் தெரியாதவர்கள் வீட்டில் தாத்தாவிடம் கேட்டுக்கொண்டு வரவும்.