மெய்நிகர் ஆளியும் பங்கீட்டு நெறியும்

ஒரு கணினியைப் பல கணினிகள்போல இயங்கச் செய்யும் கலை புதியதன்று. 1972ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் வீ.எம். 370 என்னும் முறைமையை அறிமுகஞ் செய்து, ஒரே பொறியைப் பயன்படுத்துவோர் பலர்க்கும் தனித்தனிப் பொறி உள்ளது போன்ற நிலையை உண்டாக்கினர். அக்கலை 2001ஆம் ஆண்டில் வீஎம்வெயார் நிறுவனத்தின் இ.எஸ்.எக்ஸ். என்னும் மென்பொருள் வாயிலாகச் சிறிய சேவையகங்களுக்கும் வந்து சேர்ந்தது. முன்னர்ப் பல சேவையகங்கள் செய்த பணியை இன்று ஒரு சேவையகம் செய்கின்றது. செலவு குறைந்தது, மின்சாரமும் இடமும் மிஞ்சின. ஆயின், பல கணினிகள் ஒரு பெட்டியுட் குடிபுகுந்தபோது, அவை வெளியுலகோடு பேசுதற்குள்ள இணைப்பு ஒன்றோ இரண்டோ ஆயிற்று. அவ்விணைப்பில் ஒரு செக்கனுக்கு எவ்வளவு தரவு செல்லலாம் என்னும் அளவையே பட்டையகலம் என்பர். அதனை எவர்க்கு எவ்வளவு பகிர்வது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

தமிழாசிரியர்க்கு இத்துறையில் என்ன வேலை என அன்பர் சிலர் வினவுதல் கூடும். பங்கீட்டில் நீதி வேண்டும் என்பது எல்லார்க்கும் பொதுவாய கருத்து. சொல்லின் பொருளை ஆராய்தலோ எமக்கே உரிய தொழில். பௌதிகவியல் வகுப்பில் மின்சுற்றை மூடவும் திறக்கவும் உதவும் கருவிக்கு ஆளி என்பது பெயர். வலையமைப்பிற் பொதிகளை உரிய இடத்துக்கு அனுப்பும் கருவிக்கும் அப்பெயரே நம் நாட்டில் வழங்குகின்றது. ஆளுதலைச் செய்வது ஆளி. அது பெயருக்கேற்ப ஆள்கின்றதா, அன்றி முந்தியவன் வாரிக்கொள்ள வாளாவிருக்கின்றதா என்பதை எண்ணுதல் நன்று.

மெய்நிகர் ஆளி கையில் எடுத்துப் பார்க்கத்தக்க பெட்டியன்று; சேவையகத்தினுள்ளே இயங்கும் மென்பொருளே அது. ஒவ்வொரு மெய்நிகர்ப் பொறியும் தனக்கென ஒரு வலையமைப்பு அட்டை உள்ளதென எண்ணி, அவ்வாளியின் துறை ஒன்றிற் பொருந்தியிருக்கும். ஆளியின் மறுபுறத்தில் மெய்யான அட்டையும் கம்பியும் உள. ஒரே ஆளியில், ஒரே பிரிவில் உள்ள இரு பொறிகள் தம்முட் பேசுமாயின் அப்பேச்சுக் கம்பியைத் தீண்டாது. சேவையகத்தின் நினைவகத்துள்ளேயே முடிந்துவிடும். வெளியே செல்வனவே கம்பிக்குப் போட்டியிடுகின்றன. சாதாரண ஆளி, வந்து சேரும் பொதிகளைப் பார்த்தே எத்துறையில் எவர் உளர் என்பதை அறியும். வீஎம்வெயாரின் மெய்நிகர் ஆளியோ தன்பால் உள்ள பொறிகள் எவையென்பதை முன்னரே அறிந்திருக்கும். குடியிருப்போரை நன்கறிந்த அவ்விடமே பங்கீட்டுக்குத் தக்க இடம் என்பது வெளிப்படை.

போட்டியிடுவோர் யாவர் என நோக்குவோம். பயன்படுத்துவோர் நாடிவரும் சேவைகள் ஒருபுறம். சேமிப்பகத்துக்குச் செல்லும் தரவு ஒருபுறம். காப்புப்பிரதி எடுக்கும் வேலை ஒருபுறம். இவையன்றி, இயங்கிக்கொண்டிருக்கும் பொறியை நிறுத்தாமலே ஒரு சேவையகத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்க்கும் வேலையும் உண்டு. அதற்குப் பொறியின் நினைவகம் முழுவதும் கம்பி வழியே செல்லல் வேண்டும். 64 கிகாபைற்று என்பது ஏறத்தாழ 512 கிகாபிற்று. செக்கனுக்கு 10 கிகாபிற்றுச் செல்லும் கம்பியில் அதற்கு 51 செக்கனுக்கு மேல் ஆகும். 1 கிகாபிற்றுக் கம்பியில் எட்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் அது கம்பி முழுவதையும் கவ்விக்கொள்ளுமாயின், பிற சேவைகளை நாடி வந்தோர் காத்துக் கிடப்பர். அதனை மிக ஒடுக்கினாலோ வேறொரு கேடு நேரும். பெயர்க்கும் வேளையிலும் நினைவகத்தின் பக்கங்கள் மாறிக்கொண்டேயிருக்கும். மாறியவற்றை மீண்டும் அனுப்புதல் வேண்டும். மாறும் வேகத்தினும் அனுப்பும் வேகம் குறையுமாயின் அவ்வேலை முடிவுறுதல் அரிது. ஆதலின், ஒருவர் பிறர் பங்கை உண்ணலும் ஆகாது. ஒருவரைப் பட்டினி போடலும் ஆகாது.

இதற்கு வல்லுநர் கையாளும் வழிகள் மூன்று. இவ்வளவுக்கு மேற் செல்லாதே என வரம்பிடல் ஒன்று. இவ்வளவு உனக்கு உறுதி என ஒதுக்கல் இரண்டாவது. போட்டி நேரும்போது மாத்திரம் பங்கு விகிதப்படி பிரித்தல் மூன்றாவது. வீஎம்வெயாரின் பரவல் ஆளியிற் பங்குமுறை 2010ஆம் ஆண்டில் இடம்பெற்றது.

உச்சவரம்பை விரும்புவோர் பலர். அஃது எளிதில் விளங்குவது. ஆயினும் எளியதெல்லாம் நீதியாகாது. 10 கிகாபிற்றுக் கம்பி ஒன்றை, சேவைகளுக்கு 5, காப்புப்பிரதிக்கு இரண்டரை, பெயர்ச்சிக்கு இரண்டரை என வரம்பிட்டுப் பிரித்தோம் எனக் கொள்க. நள்ளிரவில் எவரும் இல்லாத வேளையில் 4 ரெறாபைற்றுக் காப்புப்பிரதி எடுக்கப் புகின், கம்பியின் முக்காற்பங்கு வெறிதே கிடக்க, அவ்வேலை முடிய மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அதே மூவர்க்கும் முறையே 100, 50, 50 எனப் பங்கு வகுப்பின், மூவரும் ஒருங்கு நெருக்கும்போது கிடைப்பன முன்னைய அளவுகளே. பெயர்ச்சி ஓய்ந்திருப்பின் அதன் பங்கு மற்றை இருவர்க்கும் 2க்கு 1 என்னும் விகிதத்திற் சேரும். காப்புப்பிரதி தனித்து ஓடும் நள்ளிரவிலோ கம்பி முழுவதும் அதற்கே உரியதாகும். வேறு தடையில்லையேல் ஏறத்தாழ 53 நிமிடத்தில் வேலை முடியும். வறியவர்க்கு வஞ்சனையின்றியும் வளத்தை வீணாக்காமலும் நடப்பது இம்முறையே என்க.

நம் நாட்டு உழவர்க்கு இக்கருத்துப் புதியதன்று. குளத்து நீர் வயல் முழுவதற்கும் போதாத சிறுபோகத்திற் பெத்ம என்னும் முறையைக் கைக்கொள்வர். வயற்பரப்பின் ஒரு பகுதியை மாத்திரம் பயிரிடத் துணிந்து, அதனை உரிமையாளர் யாவர்க்கும் அவரவர் உரிமைக்கேற்பப் பகிர்வர். நீர் நிறைந்த போகத்தில் அம்முறைக்கு வேலையில்லை. குறை வந்தபோது முறை. நிறைவு வந்தபோது தடையின்மை. மெய்நிகர் ஆளியிடம் யாம் வேண்டுவதும் இதுவே.

கம்பியைப் பெரிதாக்கினாற் போதும், பங்கீடு எதற்கு என்பாரும் உளர். கம்பி பெரிதாதல் நன்றே. ஆயின், காப்புப்பிரதியும் பெயர்ச்சியும் கிடைத்த அளவெல்லாம் கொள்ளும் இயல்பின. 25 கிகாபிற்றுக் கம்பி வந்தால் அதனையும் நிரப்ப முயலும். உச்சவரம்பு எங்கும் ஆகாது என்பதும் எம் கருத்தன்று. பட்டையகலத்தை அளந்து விலைக்கு விற்கும் இடத்தில் வரம்பு வேண்டும். தீநிரல் புகுந்து பொதிகளை வாரியிறைக்கும் பொறியை அடக்கவும் வரம்பு வேண்டும். ஒதுக்கீட்டிலும் அளவு வேண்டும். 2015ஆம் ஆண்டு வெளியீடு முதலாக வீஎம்வெயாரின் பரவல் ஆளி, ஓர் அட்டையின் பட்டையகலத்தில் 75 வீதத்துக்கு மேல் ஒதுக்க இடங்கொடாது. எல்லாவற்றையும் முன்கூட்டியே பட்டயம் எழுதிக் கொடுத்துவிட்டு, எதிர்பாராத தேவைக்குக் கையை விரித்தல் தக்கதன்று. மேலும், இப்பங்குமுறை வெளிச்செல்லும் தரவுக்கே உரியது. உள்வரும் பொதி ஆளியை அடையுமுன்னரே கம்பியிற் றன் இடத்தைக் கொண்டுவிடுகின்றது. ஆதலின் வெளியேயுள்ள மெய்யான ஆளியிலும் ஒழுங்கு செய்தல் வேண்டும்.

பொருள் இல்லை என்பது இதற்குத் தடையாகாது. மைக்கிரோசொவ்ற் நிறுவனத்தின் 2012ஆம் ஆண்டுச் சேவையக முறைமை முதலாக, ஒவ்வொரு மெய்நிகர்ப் பொறிக்கும் குறைந்தபட்சப் பட்டையகலத்தை நிறை விகிதமாக விதிக்கலாம். விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸிலும், ஓப்பின் வீசுவிச் என்னும் திறந்த மெய்நிகர் ஆளியிலும், ஒவ்வொரு வகுப்புக்கும் உறுதியளவு குறித்து, பிறர் பயன்படுத்தாததை அது கடன்பெற்றுக்கொள்ள விடும் முறை உண்டு. வேண்டுவது பணமன்று, இருந்து எண்ணி முடிவு செய்யும் மனமே.

அம்முடிவை எவர் செய்வது? பரீட்சைக் காலத்தில் மாணவர் பாடங்களை நாடும் சேவைக்கு முதலிடமா, காணொளிச் சேமிப்புக்கு முதலிடமா என்பதை ஆளி அறியாது. நாம் எண்ணைக் குறியாவிடின், செய்தவர் இட்ட எண்ணே நம்மை ஆளும். எண்ணே இல்லாவிடத்துப் பேராசை பிடித்த பொறியே ஆளும். தொழில்நுட்பவியலாளர் எண்ணை இடத் தெரிந்தவர். எது முந்த வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவர் அதிபரும் ஆசிரியருமே.

கட்டடமும் நூலும் வழங்கிய பழைய மாணவர் கைகள் இன்று கணினியும் சேவையகமும் வழங்குகின்றன. அக்கொடையை யாம் போற்றுகின்றோம். இத்துறையிற் பணியாற்றும் பழைய மாணவர்க்கு எம் வேண்டுகோள் ஒன்று: பெட்டியை அனுப்புவதோடு நில்லாது, ஒருநாள் வந்திருந்து, பங்கீட்டு விதியை ஆசிரியரோடு கலந்து ஒரு தாளில் எழுதித் தந்து செல்லுங்கள். உயர்தர வகுப்பில் இப்பாடம் பயிலும் மாணவரையும் அருகில் இருத்துங்கள். ஆளி ஆள்வதைக் கண்ணாற் கண்ட மாணவர், நாளை எப்பொருளையும் பிறர்க்குப் பகிர நேரும்போது நடுவுநிலைமை தவறார் என்பது எம் துணிபு.