தலைவலியும் தாடை மூட்டும்



காலையில் விழிக்கும்போதே நெற்றிப்பொட்டில் வலியும், வாயைத் திறந்தால் காதருகே 'டக்' என்ற சத்தமும் உங்களுக்கு உண்டோ? கண்ணாடியை மாற்றியும் தீராத தலைவலிக்குத் தாடை மூட்டும் காரணமாயிருக்கலாம். வாடகை, வேலை, ஊரிலுள்ள பெற்றோர் என்ற கவலைகளோடு படுத்து, உறக்கத்தில் பல்லைக் கடிப்போர் பலர். தசைகள் இறுகி, வலி தலைக்கு ஏறுகிறது. மாதத்தில் பாதி நாட்கள் மாத்திரை விழுங்கினாலோ, அம்மாத்திரையே தலைவலியை உண்டாக்கும்!

வெந்நீர் ஒற்றடம் கொடுங்கள். மென்மையான ஆகாரம் புசியுங்கள். பான், சூயிங்கம் வேண்டாம். ஆனால் ஐம்பது வயதைக் கடந்தோருக்குப் புதிதாய்த் தலைவலி தோன்றி, மெல்லுகையில் தாடை நொந்து, பார்வையும் மங்கினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தாமதித்தால் கண் போய்விடக்கூடும்.

ஜெபிக்கிறவர் மருத்துவரிடம் போகலாமா என்கிறார்கள். பவுலின் உடன் ஊழியரான லூக்கா வைத்தியர்தானே!

நம் கொல்கத்தாவில் சியால்டா அருகே டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. 1920-இல் ரபியுதீன் அகமது தொடங்கிய இதுவே இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. இன்று அரசு மருத்துவமனை. தேவையானால் இரவில் பல்லுக்கு அணியும் உறை செய்து தருவார்கள். வங்காளத்தில் தாடைக்குச் 'சோயால்', வலிக்குப் 'பேத்தா' என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.