மைதானம் யார் பெயரில்? தெருக் கடைக்குக் கணக்கு எங்கே?

பந்தாட்டச் செய்திக்கு நமது இதழில் என்ன வேலை என்று உறுப்பினர்கள் கேட்கக்கூடும். ஆட்டத்தைப் பற்றி எழுத நாம் வரவில்லை. கட்டடம், கடன், வட்டி, வாடகை இவற்றைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறோம். இந்த நான்கைப் பற்றியும் இங்கிலாந்து நாட்டுக் கால்பந்து ரசிகர்கள் பேசிக்கொள்ளும் அளவுக்கு விவரமாக நம் கடைத்தெருவில் பேசுகிறவர்கள் குறைவு என்பதே நமது எண்ணம்.

அங்கே ஒரு கழகம் புதிய மைதானம் கட்டப் போகிறது என்றால், எத்தனை இருக்கை, எப்போது திறப்பு விழா என்ற கேள்வியோடு பேச்சு முடிவதில்லை. எதிர்க் கழகத்து ரசிகர் உடனே குறுக்கே விழுவார். கடன் எவ்வளவு? கொடுத்தது யார்? வட்டி என்ன? எத்தனை வருடத்தில் அடைப்பீர்கள்? மனை உங்கள் பெயரிலா, அடுத்தவர் பெயரிலா? நல்ல ஆட்டக்காரரை விற்றா தவணை கட்டப் போகிறீர்கள்? இதில் பாதி கேலி, பாதி பகை. ஆனால் கேள்விகள் ஒவ்வொன்றும் கடை கட்டப் புறப்படும் வணிகர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை. அங்கே கழகம் என்பது பெயருக்குத்தான் கழகம். பதிவு பெற்ற கம்பெனி. ஆண்டுதோறும் வரவு செலவு வெளியாகிறது. ரசிகர்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள்.

லண்டன் நகரில் மட்டும் மூன்று கழகங்கள் மூன்று வழியில் இடம் மாறின. மூன்றுக்கும் இன்று 60,000 பேருக்குக் குறையாமல் உட்காரும் மைதானம் இருக்கிறது. கணக்கோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது.

முதலில் ஆர்சனல். அதன் பழைய மைதானமான ஹைபரியில் சுமார் 38,000 பேருக்குத்தான் இடம். சீட்டு கேட்டுக் காத்திருந்தவர்கள் ஏராளம். வாடிக்கை இருக்கிறது, நிற்க இடமில்லை என்ற நிலை நமக்கும் தெரிந்ததுதான். 2006-ல் கூப்பிடு தூரத்தில் 60,000 இருக்கை கொண்ட மைதானத்துக்குப் போனார்கள். செலவு சுமார் 39 கோடி பவுண்டு; அதில் வங்கிக் கடன் 26 கோடி. எமிரேட்ஸ் விமான நிறுவனத்தின் பெயரை மைதானத்துக்கும் ஆட்டக்காரர் சட்டைக்கும் வைத்துக்கொள்ள 2004-லேயே சுமார் 10 கோடிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பழைய இடத்தைச் சும்மா விடவில்லை. அடுக்குமாடி வீடுகளாக்கி விற்றார்கள். பலன் முதல் ஆண்டிலேயே தெரிந்தது. ஆட்ட நாள் வசூல் சுமார் 4.4 கோடி பவுண்டிலிருந்து 9 கோடிக்கு மேல் போயிற்று.

விலையும் கொடுத்தார்கள். கடனுக்கு ஆண்டுதோறும் சுமார் 2 கோடி பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. 2005-க்குப் பிறகு 2014 வரை பெரிய கோப்பை ஒன்றும் கிடைக்கவில்லை. 2007-ல் ஹென்றி, 2011-ல் ஃபாப்ரிகாஸ், 2012-ல் வான் பெர்சி என்று முன்னணி ஆட்டக்காரர்கள் வரிசையாக வெளியேறினார்கள். வான் பெர்சியை வாங்கிய மான்செஸ்டர் யுனைடெட் அடுத்த ஆண்டே பட்டம் வென்றது. நல்ல சரக்கை எதிர்க்கடைக்கு விற்றுத் தவணை கட்டினார்கள் என்று மற்றக் கழகத்து ரசிகர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த ஆண்டுகள் முழுவதும் பயிற்சியாளர் வெங்கர் அணியை முதல் நான்கு இடங்களுக்குள் வைத்திருந்தார். அதனால் ஐரோப்பியப் போட்டிப் பணம் தவறாமல் வந்தது. நடப்பு வியாபாரம் மெலிந்தது, ஆனால் நிற்கவில்லை. மீதமிருந்த மைதானக் கடன் பத்திரங்களை 2020-ல் உரிமையாளர் நிறுவனம் தந்த கடனைக் கொண்டு அடைத்தார்கள். பல ரசிகர்கள் இந்தக் கதையைச் சோகக் கதையாகச் சொல்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. காத்திருந்த வாடிக்கையை எண்ணிப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். மனையும் கையில் இருக்கிறது.

சுமார் நான்கு மைல் தள்ளி இருக்கும் பரம எதிரி டாட்டன்ஹாம். இவர்கள் பழைய மைதானத்தை இடித்து அதே இடத்தில் இன்னும் பெரிதாகக் கட்டினார்கள். 62,850 இருக்கை, செலவு சுமார் 100 கோடி பவுண்டு. 2018 கோடையில் ஒரே ஒரு ஆட்டக்காரரைக்கூட வாங்கவில்லை. திறப்பு தள்ளிப் போய் 2019 ஏப்ரலில்தான் கதவு திறந்தது. அதே ஆண்டில் 63.7 கோடி பவுண்டுக் கடனை மாற்றி அமைத்தார்கள். பெரும்பகுதி நீண்ட காலப் பத்திரங்கள். சராசரித் தவணைக் காலம் 23 ஆண்டு. வட்டி சராசரியாக 2.66 சதவீதம். தண்டல்காரரிடம் காலையில் வாங்கி மாலையில் கட்டுகிற நம் சிறு வியாபாரி இந்த எண்ணைப் பார்த்தால் என்ன சொல்வாரோ தெரியவில்லை! எதிர்க் கழகத்தார் கடன் தொகையைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். நாம் தொகையைவிட அந்த வட்டியையும் தவணைக் காலத்தையும்தான் பார்க்கிறோம். வட்டி மலிந்திருந்த நேரத்தில் நீண்ட காலத்துக்குப் பிடித்துப் போட்டது கெட்டிக்காரத்தனம்.

ஆனால் திறந்து ஒரு வருடம் ஆவதற்குள் கொரோனா வந்தது. மைதானம் காலி. தவணை காலியாகவில்லை. 2020 ஜூனில் இங்கிலாந்து மத்திய வங்கியின் அவசர உதவித் திட்டத்தில் 17.5 கோடி பவுண்டு கடன் வாங்கினார்கள். கழகத்தின் பெயருக்கு அந்தக் கதவு திறந்தது. அதே மாதங்களில் கடையைப் பூட்டி வைத்திருந்த நம் உறுப்பினர்களுக்கு எந்தக் கதவு எவ்வளவு திறந்தது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது வெஸ்ட் ஹாம். இவர்கள் கட்டவே இல்லை. 2012 ஒலிம்பிக்குக்காகப் பொதுப் பணத்தில் கட்டிய மைதானத்துக்கு 2016-ல் 99 வருடக் குத்தகையில் குடியேறினார்கள். மாற்றிக் கட்டும் செலவுக்குக் கழகம் கொடுத்தது 1.5 கோடி பவுண்டு. ஆண்டு வாடகை 25 லட்சம் பவுண்டில் தொடக்கம். மாற்றிக் கட்ட ஆன மொத்தச் செலவோ 32.3 கோடி. நகர்த்தும் இருக்கைகளை ஆண்டுதோறும் இழுத்து வைக்க 3 லட்சம் பவுண்டு ஆகும் என்று போட்ட மதிப்பீடு 80 லட்சத்தில் போய் நின்றது. மூலைக் கொடிக் கம்புக்குக்கூட வீட்டுக்காரர்தான் செலவு செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். குடித்தனக்காரருக்கு இதைவிடச் சலுகை கிடைக்காது. நட்டம் லண்டன் மாநகரின் தலையில் விழுந்தது. அந்த மாநகரத்தில் வரி கட்டுபவர்களில் ஆர்சனல் ரசிகரும் உண்டு, டாட்டன்ஹாம் ரசிகரும் உண்டு என்பதால் அவர்கள் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் குறைந்த வாடகை என்று மகிழ்ந்த வெஸ்ட் ஹாம் ரசிகர்களே பிறகு முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஓட்டப் பந்தயத்துக்கென்று அமைத்த இடமாதலால் பார்வையாளர் வரிசைக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி. நினைத்தபடி மாற்ற முடியாது; வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். 1904 முதல் ஆடிவந்த சொந்த மைதானமோ விற்கப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது.

வாடகை இடம் எந்த அளவுக்குக் கொண்டுபோய் விடும் என்பதற்குக் கோவென்ட்ரி கழகம் இருக்கிறது. சொந்த மைதானத்தை விட்டு 2005-ல் புதிய இடத்துக்கு வாடகைக்குப் போனார்கள். ஆண்டுக்கு 12 லட்சம் பவுண்டுக்கு மேல் வாடகை. வருமானம் குறைந்தபோது கட்ட முடியவில்லை, தகராறு, வழக்கு. 2013-14 பருவத்தில் வேறு ஊரான நார்தாம்ப்டனில் போய் ஆட வேண்டியதாயிற்று. 2019 முதல் இரண்டு பருவம் பர்மிங்காமில். ஊர்ப் பெயரைக் கழகத்துக்கு வைத்துக்கொண்டு ஊருக்குள் ஆட இடமில்லை. 2025 ஆகஸ்டில்தான் அந்த மைதானத்தைச் சொந்தமாக வாங்கினார்கள். இருபது வருடம் சுற்றிவிட்டு வந்து சேர்ந்த இடம் அது.

அகலக்கால் வைத்த கதை டார்லிங்டன். சமையலறை மேடைப் பலகை தயாரித்துச் செல்வரான ஒருவர் அந்தச் சிற்றூர்க் கழகத்துக்கு 2003-ல் 25,000 இருக்கை மைதானம் கட்டினார். ஆட்டம் பார்க்க வழக்கமாக வந்தவர்கள் சில ஆயிரம் பேர். திறந்த ஆண்டே கழகம் கடன் தீர்க்க முடியாமல் நிர்வாகியின் கைக்குப் போயிற்று. 2012-ல் மைதானத்தை விட்டே வெளியேறியது. அங்கே பிறகு ரக்பி ஆடினார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ரசிகர்கள் பேசுவது. அவர்கள் போடும் கணக்கில் ஒரு பத்தியே விட்டுப் போகிறது. அது மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக் கடைகளின் பத்தி.

டாட்டன்ஹாமின் புதிய மைதானத்துக்குள் பீர் காய்ச்சும் ஆலையே இருக்கிறது. மிக நீளமான மதுக்கூடம் இருக்கிறது. உணவுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இவையெல்லாம் நல்ல வியாபார யோசனைகள், மறுக்கவில்லை. ஆனால் அங்கே செலவாகும் காசில் ஒரு பகுதி, முன்பு ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் வெளித் தெருவில் செலவான காசு. ரசிகரின் பைக்குள் பணம் இரட்டிப்பாகவில்லை. கழகம் தன் ஆண்டறிக்கையில் 'ஒருவர் சராசரிச் செலவு' என்று பெருமையோடு காட்டும் எண்ணுக்குள் எதிர்வரிசைக் கடைக்காரரின் கல்லாவும் கொஞ்சம் கரைந்திருக்கிறது.

மைதானத்துக்கு வேண்டிய நிலத்தில் ஒரு குடும்பம் நடத்திவந்த உலோகத் தகட்டுப் பட்டறை இருந்தது. விற்க மறுத்தார்கள். 2014-ல் கட்டாயக் கொள்முதல் உத்தரவு வந்தது. 2015-ல் உயர் நீதிமன்றத்திலும் தோற்றார்கள். ஆர்சனல் மைதானம் எழும்பிய இடத்திலிருந்தும் பல சிறு தொழிற்கூடங்கள் இப்படித்தான் போயின. நிலத்தை இழந்தவருக்காவது அந்நாட்டுச் சட்டப்படி நட்டஈடு உண்டு. தொழில் இடம் மாறுவதால் வரும் நட்டத்துக்கும் சேர்த்துக் கேட்கலாம். கூட்டமே இடம் பெயர்ந்து போய்விட்டால், தெருவில் கடை வைத்திருப்பவருக்கு ஒரு பென்னியும் கிடையாது.

வெஸ்ட் ஹாம் விட்டுப்போன அப்டன் பார்க்கைப் பாருங்கள். 35,000 பேர், ஆண்டில் இருபதுக்கு மேற்பட்ட நாட்கள், ஒரே தெரு வழியாக நடந்து வந்து நடந்து போனார்கள். மூலை மதுக்கடை, இறைச்சிப் பணியாரக் கடை, காலைச் சிற்றுண்டிக் கடை ஆகியவற்றுக்கு அந்த நாட்கள்தான் மற்ற நாட்களின் வாடகையையும் சேர்த்துக் கட்டின. 2016 மே மாதத்துக்குப் பிறகு அந்தக் கூட்டம் ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கி, பெரிய வணிக வளாகத்தின் ஊடே நடந்து மைதானத்துக்குப் போகிறது. அதே கிரீன் ஸ்ட்ரீட்டில் புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் நிறைய உண்டு. பந்தாட்டம் பார்க்க வந்தவர் புடவை எடுக்க வந்தவர் அல்லர் என்பதால் எல்லாருக்கும் ஒரே அளவு நட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு ரயில் நிறுத்தம் தள்ளி ஈஸ்ட் ஹாம். நம் தமிழ் மக்கள் மளிகைக் கடையும் உணவு விடுதியும் வைத்திருக்கும் இடம். அவர்களுக்குத் தூரத்துச் சேதிபோல் இருந்தாலும், பக்கத்துத் தெரு மெலிவது அங்கே இருப்பவருக்குத் தெரியாமல் போகாது. 1996-ல் கொத்தவால்சாவடி மண்டிகள் கோயம்பேட்டுக்குப் போன பிறகு பழைய சந்தில் டீக்கடை வைத்திருந்தவர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

இதனால் யாரும் மைதானம் கட்டக் கூடாது, சந்தை மாறக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அனுமதி கேட்கும் மனுவிலேயே தெருவின் கணக்கும் இருக்க வேண்டும் என்கிறோம். எத்தனை கடை, எந்த நாளில் எவ்வளவு விற்பனை, கூட்டம் போனால் எவ்வளவு குறையும் என்பதை அங்குள்ள வணிகர்களே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்கப் பேரேடு வேண்டும். வாய்க்கணக்கை எந்த அதிகாரியும் ஏற்பதில்லை.

லிவர்பூல் நகரில் இரு வழிகளும் பக்கத்துப் பக்கத்திலேயே நடந்தன. லிவர்பூல் கழகம் பூங்காவில் புதிய மைதானம் என்று பல வருடம் வரைபடம் போட்டுப் பல கோடி பவுண்டு வீணாக்கியபின், 2012-ல் அதைக் கைவிட்டுப் பழைய ஆன்ஃபீல்டையே விரிவாக்கியது. 2016-ல் ஒரு பக்கம், 2023-24-ல் இன்னொரு பக்கம். இப்போது 61,000 பேர் உட்காரலாம். முதல் பகுதிக்குச் சுமார் 11 கோடி பவுண்டை உரிமையாளர்களே கடனாகத் தந்தார்கள். கடையை மூடாமலே மாடி எடுத்தது போன்ற வேலை இது. தெருவும் பிழைத்தது.

எவர்ட்டன் புதிதாகக் கட்டியது. உதவ வந்த பெரும் பணக்காரரின் நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தம் 2022-ல் உக்ரைன் போரோடு முடங்கியது. நட்ட வரம்பை மீறியதற்காக 2023-24 பருவத்தில் மொத்தம் 8 புள்ளிகள் வெட்டப்பட்டன. மைதானக் கடன் வட்டியைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதும் அந்த விசாரணையில் வாதமாயிற்று. 2024 டிசம்பரில் கழகம் புதிய உரிமையாளர் கைக்கு மாறியது. 2025 ஆகஸ்டில் துறைமுகக் கரையில் 52,000-க்கு மேற்பட்ட இருக்கையோடு புதிய மைதானம் திறந்தது.

1892 முதல் ஆடிய பழைய குடிசன் பார்க்கை இடிப்பது என்றுதான் முதலில் திட்டம். பிறகு மனம் மாறி மகளிர் அணிக்குக் கொடுத்தார்கள். 2025-26 பருவத்தில் அவர்கள் அங்கே ஆடத் தொடங்கினார்கள். முன்பு 39,000 பேர் வந்த இடத்துக்கு வருவது சில ஆயிரம் பேர்தான். ஆனாலும் ஆட்ட நாள் என்று ஒன்று அந்தத் தெருவுக்கு மிஞ்சியிருக்கிறது.

பேருந்து நிலையம், சந்தை, அரசு அலுவலகம் இடம் மாறியதால் விற்பனை குறைந்த உறுப்பினர்கள், மாறுவதற்கு முந்தைய ஓராண்டு, பிந்தைய ஓராண்டு விற்பனைக் கணக்கை இதழ் முகவரிக்கு எழுதி அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். பெயர் வெளியிட விரும்பாதவர்கள் குறிப்பிட்டால் ஊர்ப் பெயரை மட்டும் போடுவோம்.