நாற்பதை நானூறாக்குவது

சூரியத் தகடு ஒன்று நல்ல வெயிலில் தருவது ஏறத்தாழ 30 முதல் 40 வோல்ட். வீட்டு மின்சாரமோ 230 வோல்ட்; அதன் அலை உச்சம் 325 வோல்ட். ஆகவே இன்வெர்ட்டருக்கு 380, 400 வோல்ட் நேர்மின்சாரம் ஊட்ட வேண்டியிருக்கிறது. பத்துத் தகடுகளைத் தொடராக இணைத்தால் போயிற்று என்பீர்கள். இணைக்கலாம், ஆனால் ஒரு தகட்டின்மேல் வேப்பமர நிழல் விழுந்தாலும் தொடர் முழுவதன் விளைச்சலும் பாதிக்கப்படுகிறது. ஒவ்வொரு தகட்டுக்கும் தனி உயர்த்தி வைப்பதே நல்லது.

உயர்த்திக்கு நாம் மனப்பாடம் செய்த சூத்திரம் எளியது. சாவி மூடியிருக்கும் நேரப் பங்கை ஒன்றிலிருந்து கழித்து, அதனால் உள்ளீட்டை வகுக்க வேண்டும். பங்கு 0.9 என்றால் பத்து மடங்கு, 0.99 என்றால் நூறு மடங்கு! தேர்வுத் தாளில் இதற்கு முழு மதிப்பெண் உண்டு. ஆய்வுக்கூட மேசையில் இல்லை. கம்பிச்சுருளின் தடை, சுமைத் தடையில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே போதும்: 0.9இல் கிடைப்பது ஐந்து மடங்குதான். அதற்குமேல் பங்கைக் கூட்டினால் அழுத்தம் குறையத் தொடங்கும். அந்த ஐந்து மடங்கிலும் பாதித் திறன் சுருளைச் சூடாக்கியே தீர்ந்துவிடுகிறது. இதைச் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் கற்பிப்பது அரைக் கல்வி என்பேன்.

வேறு வழி உண்டு. அதே உள்ளகத்தில் இரண்டாவது சுருளைச் சுற்றி, முதற்சுருளோடு தொடராக்கி, டையோடு வழியே வெளியீட்டுக்குக் கொண்டுசெல்வது. இரண்டாவதன் சுற்றுகள் முதலதைப் போல் மூன்று மடங்கு எனக் கொள்வோம். பத்து மடங்கு உயர்வுக்கு நேரப் பங்கு 0.69 போதும். சாவி தாங்க வேண்டியதும் 400 வோல்ட் அல்ல, 130தான். சுமை எங்கே போயிற்று? டையோடின் தலையில்! அது 520 வோல்ட் தாங்க வேண்டும். மூன்று மடங்குக்குப் பதில் முப்பது மடங்கு சுற்றலாமே என்று ஆசைப்படுவோருக்கு அந்த டையோடே விடை சொல்லும்.

இது புதிய மந்திரமன்று. அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் நிக்கோலஸ் காலன் 1836இல் செய்த தூண்டுசுருளும் இரு சுருள்களின் உறவுதான். நம் இயற்பியல் துறை அலமாரியில் தூசி படிந்து கிடப்பதும் அதன் வாரிசே. 1853இல் ஃபிசோ, துண்டிப்பானுக்குக் குறுக்கே மின்தேக்கி வைத்துத் தீப்பொறியை அடக்கினார். இன்றும் தொல்லை அதே இடத்தில்தான். இரு சுருள்களையும் காந்தப் பாயம் முழுமையாகத் தழுவுவதில்லை. அந்தக் கசிவில் சேர்ந்த ஆற்றல், சாவி திறந்ததும் போக்கிடமின்றிச் சாவியின் மீதே பாய்கிறது. 130 என்று கணக்கிட்டு 150 வோல்ட் மாஸ்ஃபெட் போட்டவர் புகையைத்தான் காண்பார். கசிவாற்றலை மின்தடையில் எரிக்கலாம், வீண். டையோடும் மின்தேக்கியுமாகப் பிடித்து வெளியீட்டுக்கே அனுப்பும் வழியை அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கைச் சேர்ந்த ஜாவோ, லீ இருவரும் 2003இல் விரிவாக எழுதினர்.

"இதெல்லாம் பொறியியல் கல்லூரிக்காரர் வேலை, கலைக் கல்லூரிக்கு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. தன் மின்தூண்டலும் பரிமாற்று மின்தூண்டலும் இயற்பியல் இல்லாமல் வேறென்ன? பழைய கணினியின் மின்வழங்கியில் ஃபெர்ரைட் உள்ளகம் கிடைக்கும். அதன் இரு பாதிகளுக்கிடையே தாள் செருகி இடைவெளி விடவேண்டும். இல்லையேல் உள்ளகம் தெவிட்டிவிடும். 5 வோல்ட்டை 50 ஆக்கும் சிறு உயர்த்தியே செய்முறைப் பாடத்துக்குப் போதும். கணக்கிட்ட கோட்டையும் அளந்த கோட்டையும் ஒரே வரைபடத் தாளில் வரையச் சொல்லுங்கள். இரண்டும் எங்கே, ஏன் பிரிகின்றன என்ற வினாவுக்குப் பத்து மதிப்பெண் ஒதுக்கப் பாடக்குழுவினர் முன்வர வேண்டும்.