கிளார்க் வேலைதான், அதனால் என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை காலை நடையில், ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரோடு பேச்சு வந்தது. அவருடைய உறவினர் நடத்தும் கல்லூரியில் ஒரு வாரமாக நெட்வொர்க் படுத்துவிட்டதாம். எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த ஐ.பி. முகவரி என்று எழுதி வைத்த நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். "அதெல்லாம் கிளார்க் வேலை சார். அங்க இருக்கறவங்க எல்லாம் இஞ்சினியருங்க" என்றார்.

நான் முப்பத்து நாலு வருஷம் கிளார்க்காக இருந்தவன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். காபி குடிக்கும் வரை ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்கு என் கதை தெரியும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, தமிழ்நாட்டுத் தேர்வாணையத் தேர்வு எழுதி, வருவாய்த் துறைக்கு வந்தவன். திருப்பூர் அப்போது கோவை மாவட்டத்தில் இருந்தது. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஒருவர் பாரீஸ் நகரத்துக் கதவு எண்களைப் பற்றி ஒரு பாடவேளை முழுக்கப் பேசினார். 1805இல் நெப்போலியன் காலத்தில் போட்ட உத்தரவு. ஆற்றை ஒட்டிப் போகும் தெருவில் தண்ணீர் ஓடும் திசையில் எண் ஏறும். ஆற்றை விட்டு விலகிப் போகும் தெருவில் ஆற்றுப் பக்கமிருந்து எண் தொடங்கும். வலப்பக்கம் இரட்டைப்படை, இடப்பக்கம் ஒற்றைப்படை. இதனால் நமக்கென்ன என்று அப்போது நினைத்தேன். பிறகு திருப்பூர் வந்து, பழைய எண் 14, புதிய எண் 32, அதற்குள் 32/1ஏ, பின்பக்கம் லைன் வீடு என்று கூரியர் பையன்கள் வெயிலில் அலைவதைப் பார்த்தபோதுதான் வாத்தியார் ஏன் அவ்வளவு நேரம் பேசினார் என்று புரிந்தது.

ஐ.பி. முகவரியும் கதவு எண்தான். 192.168.5.20 என்று நான்கு எண்கள். சப்நெட் மாஸ்க் என்று ஒன்றையும் கூடவே கொடுப்பார்கள், 255.255.255.0 என்று. முகமூடி என்று மொழிபெயர்த்தால் ஒன்றும் விளங்காது. ஓ.எம்.ஆர். வருவதற்கு முன்னால் விடைத்தாள் மேல் ஓட்டை போட்ட அட்டையை வைத்துத் திருத்துவார்களே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். 255 வரும் இடமெல்லாம் தெருப் பெயர். 0 வரும் இடம் வீட்டு எண். இந்த அட்டையை வைத்துப் பார்த்துத்தான் ஒரு கம்ப்யூட்டர், தான் தேடும் இன்னொரு கம்ப்யூட்டர் தன் தெருவிலேயே இருக்கிறதா, வேறு தெருவா என்று முடிவு செய்கிறது. அதே தெரு என்றால் நேராகக் குரல் கொடுத்துக் கூப்பிடும். வேறு தெரு என்றால் தெருமுனையில் இருக்கும் கேட்வேயிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்.

அட்டையைத் தப்பாகக் கொடுத்தால் என்ன ஆகும்? 255.255.255.0 என்று போட வேண்டிய இடத்தில் 255.255.0.0 என்று ஒருவர் போட்டுவிடுகிறார். இப்போது அந்தக் கம்ப்யூட்டர், அடுத்த கட்டடத்தில் 192.168.9.4இல் இருக்கும் பிரின்டரும் தன் தெருவிலேயே இருப்பதாக நினைக்கும். கேட்வேயைத் தேடாமல் நின்ற இடத்திலேயே கூவும். பதில் வராது. ஆனால் கூகுள் வரும், யூடியூப் வரும், ஏனென்றால் அவை வேறு ஊர் என்பது அதற்கே தெரியும். "நெட் நல்லாத்தான் வருது, பிரின்டர்தான் கெட்டுப்போச்சு" என்று பிரின்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அவரும் வந்து கழற்றிப் பார்த்துப் பணம் வாங்கிக்கொண்டு போவார்.

வருவாய்த் துறைக்காரனுக்கு இது புதிய வித்தை இல்லை. சர்வே நம்பரும் உட்பிரிவும்தான். 145ஐ 145/1, 145/2 என்று பிரித்து, 'அ' பதிவேட்டில் ஏற்றி, புலப்படத்தில் கோடு போட்டு, பட்டா மாற்றுவோம். ஒரு நிலத்தை இரண்டாகப் பிரித்தால் நடுவில் வரப்பு போட வேண்டும், அந்த வரப்பில் கொஞ்சம் மண் போகும். சப்நெட்டிலும் அதே கதை. ஒவ்வொரு துண்டிலும் முதல் எண் அந்தத் தெருவின் பெயருக்கு, கடைசி எண் தெரு முழுக்கக் கூவுவதற்கு. 256இல் 254தான் வீட்டுக்கு உதவும். அதையே நாலாகப் பிரித்தால் துண்டுக்கு 64, உதவுவது 62. ஒரே வித்தியாசம், மூன்று அண்ணன் தம்பிகளுக்குச் சரிசமமாக இதைப் பிரிக்க முடியாது. இரண்டு, நாலு, எட்டு என்றுதான் போகும். அதுவும் 64 எண்ணுள்ள துண்டு 0, 64, 128, 192 ஆகிய இடங்களில்தான் தொடங்க முடியும். இடையில் எங்காவது தொடங்குகிறேன் என்றால் நடக்காது. சர்வேயரை விடக் கண்டிப்பு.

பேராசிரியருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஏற்பாடே கல்லூரி வளாகங்களுக்காகத்தான் பிறந்தது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கட்டடத்துக்குக் கட்டடம் தனித்தனி நெட்வொர்க் முளைத்துவிட்டது. வெளியுலகத்துக்கு ஒரே எண், உள்ளே பல தெருக்கள் என்று ஆக்க வழி தேடினார்கள். ஸ்டான்போர்டைச் சேர்ந்த ஜெப்ரி மோகுலும் ஜான் போஸ்டலும் 1985 ஆகஸ்டில் எழுதிய ஆர்.எப்.சி. 950 என்ற ஆவணத்தில்தான் சப்நெட் மாஸ்க் முறையாக விதியானது.

அந்த ஜான் போஸ்டல் யார்? உலகம் முழுவதற்கும் இணையத்தின் எண்களைக் கொடுத்து, கொடுத்ததைக் குறித்து வைத்தவர். எண்களை வழங்க ஒரே ஆள் வேண்டும், அது நானாக இருக்கலாமா என்று 1972இலேயே எழுதிக் கேட்டவர். ஆரம்பத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதி வைத்தார் என்பார்கள். 1998 அக்டோபரில் இறக்கும் வரை அந்தப் பொறுப்பை விடவில்லை. டாக்டர் பட்டம் வாங்கியவர், ஆனாலும் பதிவேடு எழுதுவதைக் கேவலமாக நினைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பாஷையில் அவர் ஒரு கணக்குப்பிள்ளை. அவர் நோட்டு எழுதாமல் இருந்திருந்தால் இன்று நம் பேராசிரியர் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்ப முடியாது. (அனுப்பாமல் இருந்தாலும் நல்லதுதான். அது வேறு விஷயம்.)

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 1986இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்ற கல்வி நெட்வொர்க்கைத் தொடங்கியது. நம் சென்னை ஐ.ஐ.டி. உட்பட ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுத் துறை என எட்டு இடங்கள். எர்நெட்டுக்குக் கிடைத்த தொகுப்பில் பெரியது 144.16 என்று தொடங்குவது, மொத்தம் 65,536 எண்கள். அதைத்தான் பெங்களூர், மும்பை, கரக்பூர் என்று பங்கு போட்டார்கள். கூட்டுப் பட்டாவை உட்பிரிவு செய்த மாதிரி. அதே காலத்தில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற ஒரே பல்கலைக்கழகத்தின் கையில் 18 என்று தொடங்கும் 1 கோடியே 67 லட்சம் எண்கள் இருந்தன. அதில் பெரும்பகுதி சும்மா கிடந்ததால், 2017இல் பாதியை விற்றார்கள். அமேசான் வாங்கியது. நிலச் சீர்திருத்தம் இதற்கு வரவில்லை போலிருக்கிறது.

பற்றாக்குறைக் காலத்தில் கணக்குப் பார்த்துப் பிரித்தவர்களை நான் மதிக்கிறேன். இன்றைய கல்லூரிகளுக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. 1996இல் வந்த விதிப்படி, 10 என்று தொடங்கும் 1 கோடியே 67 லட்சம் எண்களையும், 192.168 என்று தொடங்கும் 65,536 எண்களையும், யாரையும் கேட்காமல் யாரும் தங்கள் மதிலுக்குள் பயன்படுத்தலாம். புறம்போக்கு மாதிரி, வரி கூடக் கிடையாது. இவ்வளவு இருந்தும் இரண்டு கருவிகளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் முழிக்கிறார்கள் என்றால், குறை எண்ணில் இல்லை, எழுதாத கையில் இருக்கிறது.

இதை நான் வெறும் வாயால் சொல்லவில்லை. ஓய்வுக்குப் பிறகு நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சில வருஷம் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தேன். பெயர் வேண்டாம். கல்லூரி முழுவதும் ஒரே தெரு, 192.168.1, அவ்வளவுதான். 254 இடம். முதலில் லேப் மட்டும் இருந்தது. பிறகு ஹாஸ்டல், கைரேகை வருகைப் பதிவு மெஷின், பிரின்டர்கள், கேமரா. யார் வந்தாலும் தோன்றிய எண்ணைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் பெரிய கம்பெனி ஒன்று வேலைக்கு ஆள் எடுக்க ஆன்லைன் தேர்வு வைத்தது. லேபில் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். பத்து நிமிஷம் ஓடும், நின்றுவிடும், மறுபடி வரும். கம்பெனிக்காரர்கள் மதியம் மூட்டை கட்டிவிட்டார்கள். பல பிள்ளைகளின் வீட்டில் பனியன் கம்பெனிச் சம்பளம்தான் வருமானம். அந்த வேலையை நம்பி இருந்தவர்கள். ஒரு பெண் கேட்டுக்கு வெளியே நின்று அப்பாவுக்குப் போன் செய்துகொண்டிருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

யாராவது ஒருவர் தலையில் போட வேண்டுமே. லேப் அசிஸ்டென்ட் பையன் மேல் போட்டார்கள். டிப்ளமோ படித்தவன், அங்கே வாங்கியவர்களில் ஆகக் குறைந்த சம்பளம் அவனுக்குத்தான். "பணியில் கவனக்குறைவு" என்று மெமோ. அந்த மெமோவை டைப் அடித்தவன் நான்.

"சார், நான் ஒண்ணும் பண்ணலீங்க சார்" என்றான்.

"தெரியும் கண்ணு. கையெழுத்துப் போட்டுட்டு, பதில்ல அதையே எழுதிக் குடு" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது என்று அப்போது நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை.

நாலு நாள் கழித்து அவனேதான் கண்டுபிடித்தான். ஒவ்வொரு சுவிட்சிலும் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்து, மூன்றாவது மாடி வரை போனான். கேமரா மாட்டிய காண்டிராக்டர், பதிவுப் பெட்டிக்கு 192.168.1.1 என்று கொடுத்திருந்தார். கேட்வேயின் எண்ணும் அதேதான். தபால் பெட்டி இருக்கும் தெருமுனையில் இன்னொரு போலித் தபால் பெட்டி. சில கடிதம் இதில் விழும், சில கடிதம் அதில் விழும். காண்டிராக்டர் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை, நோட்டும் இல்லை.

பிறகு நானும் அவனும் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, கோடு போட்டு எழுதினோம். எண், கருவி, கட்டடம், அறை, மேக் எண், கொடுத்தவர், தேதி. அலுவலகத்துக்கு ஒரு தெரு, லேபுக்கு ஒன்று, ஹாஸ்டலுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று பிரிக்கத் திட்டமும் போட்டுக் கொடுத்தோம். "நல்லா இருக்குங்க, பார்க்கலாம்" என்றார்கள். நான் விலகிய பிறகு அந்த நோட்டு பழைய பேப்பரோடு போய்விட்டது.

இதற்குப் பேராசிரியர் வைத்திருக்கும் பதில் எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் டி.எச்.சி.பி. தானாகவே எண் கொடுத்துவிடுமே என்பார். கொடுக்கும். எந்த எண்ணிலிருந்து எது வரை கொடுக்கலாம், மாஸ்க் என்ன, எந்த எண்களைத் தொடக்கூடாது என்று அதற்கு யார் சொல்வது? ஹாஸ்டல் பையன் ஒருவன் வீட்டிலிருந்து ஒரு வைபை ரவுட்டரைக் கொண்டுவந்து சுவரில் செருகினால், அதுவும் தன் பங்குக்கு எண் கொடுக்க ஆரம்பிக்கும். ரேஷன் கடை வாசலில் இன்னொருவர் மேசை போட்டு டோக்கன் கொடுப்பது போல. ஐ.பி.வி6 வந்தால் சரியாகிவிடும் என்பார். அதில் ஒரு வளாகத்துக்கு வழக்கமாக 65,536 தெருக்கள் கிடைக்கும். ஒரு தெருவையே எழுதாதவர்கள் அத்தனையையும் எப்படிச் சமாளிப்பார்கள்?

இதில் போலீஸ் சமாசாரமும் உண்டு. உள்ளே ஆயிரம் பேர் இருந்தாலும் வெளியிலிருந்து பார்த்தால் கல்லூரிக்கு ஒன்றிரண்டு எண்தான். யாரோ ஒருவன் உள்ளிருந்து மிரட்டல் மெயில் அனுப்பினால், இன்ன நேரத்தில் இந்த எண்ணிலிருந்து யார் என்று கேட்டுக் கடிதம் வரும். 2022 ஏப்ரல் 28ஆம் தேதி செர்ட்-இன் போட்ட உத்தரவு, கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. பதிவில் 192.168.1.77 என்று இருக்கும். அந்த 77 யார் என்று நோட்டில் இல்லையென்றால், யாரைக் காட்டிக் கொடுப்பார்கள்? அன்று லேபில் டியூட்டியில் இருந்தவனைத்தான்.

அந்தப் பையன் இப்போது அவினாசி சாலையில் ஒரு பனியன் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறான். போன தீபாவளிக்கு வந்திருந்தான். முதல் நாளே முதலாளியிடம் நோட்டு வேண்டும் என்று கேட்டானாம். அவர் ஏன் என்று கூடக் கேட்கவில்லையாம். அவர் கட்டிங்கில் வேலை பார்த்து மேலே வந்தவர். வெட்டிய துணியில் பண்டில் நம்பர் சீட்டு மாறினால் ஒரு ரோலின் உடம்பும் இன்னொரு ரோலின் கையும் சேர்ந்து தைக்கப்படும், ஷேடு மாறும், சரக்கு திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு படித்தவர். எண்ணை எழுதி வைப்பது யாருடைய வேலை என்று அவரிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கல்லூரியில் பையனின் பணிக் கோப்பில் என் மெமோ இன்னும் இருக்கிறது. கேமராப் பெட்டி கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் யாரும் அதை ரத்து செய்யவில்லை. நிர்வாகத்தில் யாராவது இதைப் படித்தால் ஒரு வரி தகவல் அனுப்புங்கள். ரத்து உத்தரவை நானே வந்து டைப் அடித்துத் தருகிறேன். கோப்பு எண் எனக்கு மனப்பாடம்.